நுரையீரல் நிழலும் குறிவைத்த மாத்திரையும்
நுரையீரல் புற்றுநோய் எக்ஸ்ரேயில் வெள்ளை நிழலாகத் தெரியும். காசநோயும் அப்படித்தான் தெரியும். சளியில் கிருமி தென்படாமலே காசநோய் மாத்திரை விழுங்கி, பொன்னான மாதங்களை இழந்தவர்கள் இந்தியாவில் ஏராளம். இது தவிர்க்கக்கூடிய கொடுமை.

ஆலங்காயம், ஆம்பூர் பகுதி மக்கள் நாடும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனும் பெட் ஸ்கேனும் உண்டு. சி.டி. கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். பெட் ஸ்கேனுக்கு, ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ரத்தக்குழாயில் ஏற்றிச் சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். சர்க்கரையை ஆவலாய் உறிஞ்சும் புற்றணுக்கள் படத்தில் ஒளிரும். காசநோய்ப் புண்ணும் ஒளிரும் என்பதால், ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே தீரவேண்டும்.

அத்திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை, புற்றணுவைப் பெருகத் தூண்டும் சமிக்ஞையை அடைக்கும். புகைபிடிக்காதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இம்மாற்றம் கூடுதல். நாளடைவில் டி790எம் என்ற புதிய மாற்றம் தோன்றி ஜெஃபிடினிப் பலிக்காமல் போகலாம். அப்போது 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓசிமெர்டினிப் கைகொடுக்கும்.