சேற்றில் புதைந்த நீர் இறைக்கும் மெசினுக்கு மறுவாழ்வு

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை மலையகத்தின் பல இடங்களில் மண்ணைச் சரித்தது. மாத்தளை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் இரத்தோட்டை போன்ற பகுதிகளில் மிளகு, ஏலம், மரக்கறி என்று பயிர் வைத்து வாழும் குடும்பங்களுக்கு ஓடைத் தண்ணீரே உயிர். அந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் சிறிய மெசின், வீட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த சொத்து.

இடம்பெயர்ந்த குடும்பம் திரும்பிப் போய்த் தோண்டி எடுக்கும் பொருட்களில் இந்த மெசினும் ஒன்றாக இருக்கலாம். சேறு அப்பிய அதைக் கண்டதும் பழைய இரும்பு வாங்குபவர் ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குச் சம்மதிக்குமுன் இக்கட்டுரையை ஒருமுறை படியுங்கள். நீரில் மூழ்கிய சிறிய இஞ்சின்களில் பலவற்றை மீட்க முடியும். ஆனால் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில் துப்புரவு, பிறகு அளவு பார்த்துப் பழுது நீக்குதல், கடைசியில்தான் திருகைத் திருப்பிச் சீர்செய்தல்.

ஒரு முன்னெச்சரிக்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நடைமுறையில் இருக்கும்போது எந்த மெசினுக்காகவும் மலைச்சரிவுக்குப் போகாதீர்கள். சேற்றில் வேலை செய்யும்போது கையுறையும் பூட்சும் அணியுங்கள். எலிக்காய்ச்சல் அப்படிப்பட்ட சேற்றிலிருந்தும் தொற்றும்.

கடலில் ஓடும் பம்பி

பெந்தோட்டைப் பக்கம் உல்லாசப் பயணிகள் நீரில் சீறிக்கொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீயைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு நீர்ப் பம்பிதான். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் வேகமாகப் பீச்சுகிறது. அந்த வீச்சு வண்டியை முன்னே தள்ளுகிறது. இந்த முறையைப் படகில் நன்கு பயன்படக்கூடியதாக ஆக்கியவர் நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹமில்டன். ஆழமில்லாத கல் ஆறுகளில் சாதாரண படகின் விசிறி அடிபட்டு உடைந்துவிடும் என்பதால் 1954 அளவில் அவர் பீச்சு நீரால் ஓடும் படகைச் செய்தார். நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீயை 1973இல் ஜப்பானின் கவசாக்கி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அலைகளில் பாய்வதற்காகப் பழைய ஜெட் ஸ்கீயைப் பிரித்துக் கட்டுபவர்கள் இரண்டு விடயங்களில் மிகக் கவனமாக இருப்பார்கள். ஒன்று, இம்பெல்லர் எனப்படும் சுழல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையிலான இடைவெளி. கடல் மணல் அதைத் தேய்த்து அகலமாக்கினால் இஞ்சின் உறுமும், வண்டி நகராது. மற்றது, இஞ்சினை அது செய்யப்போகும் வேலைக்கு ஏற்பச் சீர்செய்தல். அலையில் பாய்பவருக்குச் சட்டென்று எழும் வேகம் வேண்டும். தோட்டத்துக்கு இறைப்பவருக்கு மணிக்கணக்காக ஒரே சீராக ஓடும் பலம் வேண்டும். வேலை வேறு என்றாலும் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டுமேதான்.

முதல் நாள் செய்ய வேண்டியது

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். உள்ளே வண்டல் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் சிலிண்டரை அரம்போல உரசும்.

1. வெளிச் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.
2. பிளக்கைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி, காபரேட்டர், ஒயில் மூன்றையும் முழுதாக வடித்துவிடுங்கள். ஒயில் பால் நிறமாக வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.
3. பிளக் இல்லாமலே கயிற்றை மெல்ல இழுத்துச் சிலிண்டரிலுள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். இறுகினாலோ கரகரத்தாலோ அத்தோடு நிறுத்துங்கள்.
4. பிளக் துவாரத்தில் சிறிது இஞ்சின் ஒயில் விட்டு, மூடி வையுங்கள். பிரித்துப் பார்க்கும்வரை துரு பிடிக்காமல் இது காக்கும்.

தெளிந்த தண்ணீரில் சிறிது நேரம் மட்டும் மூழ்கிய இஞ்சினுக்குப் புது ஒயில் விட்டுச் சில நிமிடம் ஓட்டி, அதை வடித்து மீண்டும் புது ஒயில் விடுவது போதுமாக இருக்கலாம். சேற்று நீர் உட்புகுந்த இஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும்.

அளந்து பழுது நீக்குதல்

ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 இஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். கிராமங்களில் ஓடும் பல சிறிய மெசின்கள் அதன் அமைப்பையே தழுவியவை. உங்களுடையது வேறு வகையானால் அதற்குரிய அளவுகளைக் கடையிலோ மெக்கானிக்கிடமோ கேட்டறியுங்கள்.

கழற்றும் பாகங்களைப் பழைய சீலை ஒன்றில் கழற்றிய வரிசைப்படி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டும்போது கீறல் தடுக்கினால் அதை வேர்க்‌ஷொப்பில் காட்ட வேண்டும்.

பிஸ்டன் றிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான வெளியை பீலர் கேஜால் அளவுங்கள். புதிய றிங்கில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கும். 1 மில்லிமீற்றரை எட்டிவிட்டால் றிங்கை மாற்றுங்கள்.

வால்வுகளை அரைக்கும் பசையால் அதனதன் இருக்கையில் மெல்ல அரைத்து, பசையை முற்றாகக் கழுவிப் பூட்டுங்கள். பிறகு அந்த வாயிலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கசியாமல் நின்றால் வால்வு நன்றாக அடைக்கிறது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி, காற்று உள்வரும் பக்கம் 0.15, புகை வெளியேறும் பக்கம் 0.20 மில்லிமீற்றர். ஹெட் கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். ஹெட் போல்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தடவையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பற்றவைக்கும் கொயிலுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் இடையில் 0.4 மில்லிமீற்றர் அளவு வெளி இருக்க வேண்டும். காபரேட்டரின் சிறு துவாரங்களைக் கம்பியால் குத்தாதீர்கள்; துவாரம் பெருத்தால் பெற்றோல் என்றைக்கும் கூடுதலாகவே போகும். பெற்றோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே சரி. ஒயிலை, மெசின் சமதரையில் இருக்கும்போது, ஊற்றும் வாயின் விளிம்புவரை நிரப்புங்கள். அரை லீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும்.

பம்பியை மறவாதீர்கள்

இஞ்சினுக்கு எல்லாம் செய்துவிட்டுப் பம்பியைத் திறக்காமலே விடுவோர் உண்டு. மண்சரிவுக்குப் பின் ஓடைகளில் நெடுநாள் மணலும் வண்டலும் வரும். அது சுழல்சக்கரத்தின் விளிம்பைத் தின்றிருக்கிறதா, எதிரே உள்ள உறை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி பெருத்திருந்தால் உள்ளே தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி திரும்பவும் உறிஞ்சும் பக்கத்துக்கே ஓடிவிடும். தேய்ந்த பாகத்தைத் தனியே வாங்கி மாற்றலாம்.

இஞ்சினுக்கும் பம்பிக்கும் நடுவிலுள்ள சீல் கசிந்தால் அதையும் மாற்றுங்கள். தண்ணீர் நிரப்பாமல் வெறுமனே ஓட்டினால் புதிய சீலும் விரைவில் கருகிவிடும். உறிஞ்சு குழாயின் முனைக்கு வலை கட்டாயம். முனை அடி மணலில் படியாமல், ஓலைக்கூடை அல்லது துளையிட்ட வாளிக்குள் வைத்து நீரில் இறக்குங்கள்.

புதிய இடத்தில் சீர்செய்தல்

இடம்பெயர்ந்தோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பழைய தோட்டத்துக்கு அமைத்த மெசின் புதிய இடத்துக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை.

உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் இஞ்சினின் பலம் ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும். பெற்றோல் கலவை தேவைக்கு மேல் கூடிக் கரும்புகை தள்ளும். கீழ்நாட்டில் நன்றாக ஓடிய மெசினை ரிவர்ஸ்டன் பக்கமாக மேலே கொண்டுபோனால் இதைக் காணலாம். மலையில் சிறிய ஜெட் பூட்டி ஓட்டிய மெசினைக் கீழே கொண்டுவந்தால் நிலைமை எதிர்மாறு. பெற்றோல் போதாமல் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். எனவே இறங்கி வரும்போது பழைய அளவு ஜெட்டை மீண்டும் போடுங்கள்.

உறிஞ்சும் ஆழமும் அப்படித்தான். பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே அதைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீற்றர், ஆயிரம் மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 9 மீற்றர். நடைமுறையில் குழாய் உராய்வும் கசிவும் கழிந்தால் 5, 6 மீற்றருக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. மெசினை ஓடைக்கு அருகில் வைத்து மேலே தள்ளவிடுங்கள்.

திருகைத் தொடுமுன் காற்று வடியைச் சுத்தமாக்கிப் பூட்டி, இஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். மெதுவாக ஓடும்போது சீராக ஓடும்படி காபரேட்டர் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஆனால் சோதனை அத்துடன் முடிவதில்லை. உண்மையாகத் தண்ணீர் ஏற்றும்போது பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமானால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெண்மையாக வெந்திருந்தால் பெற்றோல் போதாது. அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து.

வாளிக் கணக்கு

வேலை சரியாக முடிந்ததா என்பதை ஒரு வாளி சொல்லிவிடும். 20 லீற்றர் வாளி 6 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 200 லீற்றர். கால் ஏக்கருக்கு, அதாவது 40 பேர்ச்சுக்கு, 5 மில்லிமீற்றர் மழைக்குச் சமமாக நீர் பாய்ச்சுவதற்கு ஏறத்தாழ 5,000 லீற்றர் வேண்டும். அது 25 நிமிட வேலை. வாளி நிறைய 12 செக்கன் எடுத்தால் அதே வேலைக்கு 50 நிமிடம் போகும். எரிபொருளும் ஏறத்தாழ இரட்டிப்பு. தேய்ந்த ஒரு சக்கரமும் கசியும் ஒரு குழாயும் ஒரு பருவம் முழுவதும் உங்கள் பணத்தை இப்படித்தான் குடிக்கின்றன.

மண்ணெண்ணெய் பற்றி

1990இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலில் இஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மோட்டார் சைக்கிளையும் இறைக்கும் மெசினையும் ஓட்டினார்கள். 2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது நமக்கும் அந்த நினைவு வந்தது. மண்ணெண்ணெய்க்கென்றே செய்த மெசின் என்றால் தாராளமாக ஓட்டலாம்; நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுங்கள். பெற்றோல் இஞ்சினில் அதை வழக்கமாக்கினால் இஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

எதை விடுவது, எதைக் காப்பது

கிராங்க் தண்டு ஆழமாகக் கீறுண்டு, இஞ்சின் உடலும் வெடித்திருந்தால் பணத்தை அதில் கொட்டாதீர்கள். பம்பி, காபரேட்டர், கொயில், கயிற்றுச் சக்கரம் போன்றவற்றைக் கழற்றி வையுங்கள். ஒரே வகையான இரண்டு பழுதான மெசின்களிலிருந்து ஓடும் மெசின் ஒன்றைக் கட்டலாம்.

ஓடும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கவோ மூடிய கொட்டிலில் வைக்கவோ வேண்டாம். அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றில் இறங்கியவரையும் அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பீலர் கேஜ், பிளக் சாவி, ஒரு தொகுதி ஸ்பானர், வால்வுப் பசை ஆகியவற்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும். வேலை நடக்கும்போது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூட இருந்து பழகட்டும். நிலம் எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். கிடைக்கிற அன்றைக்கே தண்ணீர் இறைக்கத் தயாராக ஒரு மெசினை வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.