தெருக்களின் பெயர் காக்கும் ஆலயம்

அருங்காட்சியகம் என்றதும் மன்னர்களின் வாளும் கேடயமும், பழங்காசுகளும் சிலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எளிய மக்கள் குடியிருந்த ஒரு பேட்டையின் தெருப்பெயர்ப் பலகைகளைப் பெருஞ்செல்வமாகப் போற்றிவரும் அருங்காட்சியகமும் உலகில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், முன்பு மெதடிஸ்ட் சபையின் ஆலயமாயிருந்த கட்டடத்தில் அது அமைந்துள்ளது. ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’, அதாவது ‘ஆறாம் வட்டம்’ என்பது அந்தப் பேட்டையின் பெயர்.

கூடி வாழ்ந்த மக்கள்

மேசை மலையின் அடிவாரத்தில், துறைமுகத்தை அடுத்திருந்த இப்பகுதி 1867-ஆம் ஆண்டு நகரின் ஆறாவது வட்டமாகப் பெயர் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், மலாய் முஸ்லிம்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், இந்தியர்கள், கறுப்பின மக்கள் எனப் பலரும் இங்கே குடியேறினர். கைவினைஞரும் வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். வறுமையும் இடநெருக்கடியும் இருந்தன, குற்றங்களும் இல்லாமலில்லை. ஆயினும் ஆலயமணியோசையும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் அங்கே ஒன்றோடொன்று பகைத்துக் கொள்ளவில்லை.

இந்த ஒற்றுமை ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1901-ஆம் ஆண்டிலேயே கொள்ளைநோயைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்கள் இங்கிருந்து அகற்றப்பட்டிருந்தனர். 1950-இல் நிறவெறி அரசு, இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி 1966 பிப்ரவரி 11 அன்று ஆறாம் வட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதென அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள், நகருக்கு வெளியே மணற்காடாய்க் கிடந்த ‘கேப் பிளாட்ஸ்’ பகுதிக்கு விரட்டப்பட்டனர். வழிபாட்டிடங்கள் சில மட்டும் இடிபடாமல் நின்றன. மக்கள் பலர் நெடுந்தொலைவு பயணம் செய்து தங்கள் பழைய ஆலயங்களுக்கே வந்து வழிபட்டனர்.

மீண்டு வந்த பெயர்கள்

1994-ஆம் ஆண்டு நிறவெறி ஆட்சி முடிவுற்றது. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முதற் கண்காட்சியின் பொருள் தெருக்களே. சில வாரங்களுக்கென்று தொடங்கிய அது, மக்களின் வரவேற்பால் நிலைத்துவிட்டது. இடிப்புப் பணியில் ஈடுபட்டிருந்த ஒருவர், பழைய தெருப்பெயர்ப் பலகைகளை அழிக்காமல் தம்மிடமே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவையே இன்று அங்கே உயர்ந்து தொங்குகின்றன.

ஆலயத்தின் தரையெங்கும் அப்பேட்டையின் வரைபடம் பரந்து கிடக்கிறது. முன்னாள் குடியிருப்போர் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டு, அங்கே தம் பெயரை எழுதினர். வேறொரு பக்கம் நீண்ட துணியொன்றில் வருவோர் தம் நினைவுகளை எழுத, அவ்வெழுத்துகள் நூலால் தைக்கப்பட்டுள்ளன. பொன்னும் மணியும் இல்லை. பெயர்களும் நினைவுகளுமே இங்கே காட்சிப் பொருள்கள்.

இவ்வருங்காட்சியகத்தை உருவாக்கியோருள் ஒருவரான நூர் இப்ராகிம் கூறிவந்த நிகழ்ச்சி உள்ளத்தை உருக்குவது. வீட்டை இழந்து வேறிடம் சென்ற அவர், தாம் வளர்த்த புறாக்களையும் உடன் கொண்டு சென்றார். சில மாதங்களுக்குப் பின் அவற்றைப் பறக்கவிட்டபோது, மாலையில் அவை கூட்டிற்குத் திரும்பவில்லை. மறுநாள் அவர் தம் பழைய வீடு இருந்த வெற்றிடத்தின் வழியே சென்றார். புறாக்கள் அங்கே காத்திருக்கக் கண்டார். பறவைக்கும் தன் வீடு தெரிந்திருக்கிறது. மனிதனின் வீட்டை மட்டும் சட்டம் ஒன்றால் மறக்கச் செய்ய முடியுமா?

மன்னிப்பும் நீதியும்

அந்த ஆலயத்தின் வெளிச்சுவரில் ஒரு பலகை பதிக்கப்பட்டது. நிறத்தின் காரணமாக வீடிழந்தோரை வெட்கத்தோடு நினைவுகூருமாறு வழிப்போக்கரை அது வேண்டுகிறது. தந்தையாம் இறைவனிடம் மன்னிப்பும் கேட்கிறது. விரட்டியவர்களை மட்டும் குற்றஞ்சாட்டாமல், ‘எங்களை மன்னியும்’ என்று கிறிஸ்தவர்களே மன்றாடுவது நம் சிந்தனைக்குரியது.

ஆனால் நினைவுகூர்தல் மட்டும் போதாது. பறித்ததைத் திருப்பித் தருவதும் நீதியின் கடமையன்றோ? 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டனர். 2004 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா, முதலில் திரும்பிய முதியவர் இருவரிடம் வீட்டுச் சாவிகளை அளித்தார். அதன்பின் பணி மெல்லவே நகர்ந்தது. காத்திருந்து கண்மூடியோர் பலர்.

நகரங்கள் மாறும், மாறத்தான் வேண்டும். புதிய சாலைகளும் கட்டடங்களும் தேவையே. ஆனால் ஒரு குடியிருப்பு அகற்றப்படும்போது அங்கே வாழ்ந்த மக்களின் பெயர்களும் மண்ணோடு மண்ணாகலாமா? நம் பங்கிலே அவ்வாறு ஒரு தெரு மறைந்தால், அக்குடும்பங்கள் எங்கே சென்றன, இன்று எவ்வாறு வாழ்கின்றன என்று தேடிச் செல்வது நம் கடமை. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. நம் உள்ளத்திலும் அது இருக்கட்டும். தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனின் மந்தையல்லவா நாம்!