ஏர் பிஸ்டல் வாங்கப் போகிறீர்களா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் வென்றதிலிருந்து தில்லித் தமிழர் வீடுகளிலும் பிஸ்டல் பேச்சு புகுந்துவிட்டது. சங்கத்துக்கு வரும் பெற்றோர்கள் சிலர் என்னைப் பிடித்து, "சார், எந்தக் கம்பெனி பிஸ்டல் நல்லது?" என்று கேட்கிறார்கள். என் மகள் வயிற்றுப் பேத்தி நான்கு வருஷமாகத் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் பயிற்சி செய்கிறாள். அவளைக் கூட்டிப் போவதும், பிஸ்டலுக்கு வாஷர் மாற்றுவதும், உருளையில் காற்று நிரப்புவதும் ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த உத்தியோகம்.

புதிய போட்டிப் பிஸ்டல் ஒன்றின் விலை ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று போகிறது. நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு அது பி.எஃப். பணத்தில் கை வைக்கிற விஷயம். ஆகவே கம்பெனிப் பெயரைச் சொல்லுமுன் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போட்டி விதிப்படி பிஸ்டலின் குழல் 4.5 மி.மீ.; எடை 1,500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 420க்கு 200க்கு 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். டிரிகர் 500 கிராமுக்குக் குறைந்த இழுப்பில் விடுபடக்கூடாது. போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். ஒரே கையால், மணிக்கட்டுக்கு எந்த முட்டும் இல்லாமல், 75 நிமிஷத்தில் 60 குண்டு சுட வேண்டும். பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான். நம் சட்டைப் பித்தான் அளவு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம். பத்து மீட்டர் என்பது அதைப்போல் முப்பது மடங்கு. முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் ஒரு மி.மீ. விலகி நின்றால், அட்டையில் 30 மி.மீ. விலகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால், பத்து விழ வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ விழும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை முழுவதும் ஒரு மி.மீ. நகர்ந்தால் அட்டையிலும் ஒரு மி.மீ.தான் நகரும், பத்து பத்தாகவே இருக்கும். ஆக, கை லேசாக ஆடுவதால் பெரிய நஷ்டமில்லை. டிரிகரை இழுக்கும்போது மணிக்கட்டு திரும்புவதுதான் புள்ளியைத் தின்கிறது. ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எதுவானாலும், நல்ல குண்டு போட்டு வைஸில் இறுக்கிச் சுட்டால் ஒரே ஓட்டையில்தான் போகும். எந்தப் பிஸ்டல் உங்கள் பிள்ளையின் மணிக்கட்டைத் திருப்பாமல் இருக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

அதனால் முதலில் கைப்பிடி. மரத்தில் செதுக்கிய இந்தப் பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளிலும், வலக்கைக்கு, இடக்கைக்கு என்று தனித்தனியாகவும் வரும். சோதிப்பது சுலபம். பிள்ளை பிஸ்டலைப் பிடித்து, இலக்கை நோக்கிக் கையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூச்சு விடட்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கட்டும். முன் சைட் பள்ளத்தின் நடுவிலேயே நின்றால் பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிடி பொருந்தவில்லை. கொஞ்சம் வித்தியாசமானால் அரத்தால் ராவியும், மரப்புட்டி வைத்தும் சரி செய்யலாம். என் பேத்தியின் பிடியில் கட்டை விரல் அடியில் இரண்டு மி.மீ. ராவினேன். "தாத்தா, இப்பத்தான் இது என் கைக்கு வந்திருக்கு" என்றாள்.

ரேஞ்சில் ஒரு பையனைப் பார்த்தேன். பதின்மூன்று வயசு இருக்கும். பள்ளி யூனிபாரத்தை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறோமே, அதுபோல அவன் அப்பா பெரிய பிடி போட்ட கனமான பிஸ்டலை வாங்கிக் கொடுத்துவிட்டார். விரல் டிரிகருக்கு எட்டாததால் பையன் மணிக்கட்டை வளைத்து எட்டப் பழகிவிட்டான். சில மாதத்தில் முழங்கையில் வலி. பிடியை மாற்றலாம், படிந்துபோன பழக்கத்தை மாற்றப் பயிற்சியாளர் படாத பாடு பட்டார். அடுத்த வருஷம் பையன் வரவில்லை.

எடையும் அப்படித்தான். பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். அறுபது குண்டுக்கு அறுபது தடவை தூக்கினால் போதாது. முதலில் சோதனைக் குண்டுகள் உண்டு. மனசுக்குப் பிடிக்காமல் சுடாமலே இறக்குவதும் உண்டு. நூறு தடவை ஆகிவிடும். இளம் பிள்ளைகளுக்கென்று குட்டைக் குழலோடு, எடை குறைந்த மாடல்கள் இருக்கின்றன. அதில் ஆரம்பிப்பது உத்தமம்.

டிரிகரில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக் என இரண்டு ஜாதி. எலக்ட்ரானிக் டிரிகர் கண்ணாடித் தண்டு முறிவதுபோல் சுத்தமாக விடுபடும். ஆனால் பாட்டரி, சர்க்யூட் என்று கவலை அதிகம். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகிப் பல நிமிஷங்கள் வீணாயின. 575 புள்ளியோடு பன்னிரண்டாவது இடத்தில் நின்றார். எட்டுப் பேர்தான் இறுதிக்குப் போக முடியும். ஆரம்பப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் போதும் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும், ரிப்பேர் செய்ய நம் ஊரில் ஆள் உண்டா, உதிரி கிடைக்குமா என்று விசாரித்து வாங்குங்கள். குண்டு போடாமலே டிரிகர் பழகும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுப் பயிற்சியில் பெரும்பகுதி அதுதான்.

காற்று என் சொந்த இலாகா. ரயிலின் பிரேக் பைப்பில் ஓடுவது 5 கிலோ அழுத்தம். இந்தச் சின்ன உருளையில் அடைப்பது 200 பார், அதைப்போல் நாற்பது மடங்கு. உள்ளே ஒரு ரெகுலேட்டர் அதைக் குறைத்து, குண்டுக்குக் குண்டு ஒரே அளவாக விடுகிறது. எங்கள் ஃபீட் வால்வ் செய்கிற அதே வேலை. ஈரக் காற்று இரண்டுக்கும் எமன். கைப்பம்பில் நிரப்புவோர் ஈரம் வடிகட்டும் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய கார்பன் டை ஆக்ஸைடு பிஸ்டல் மலிவாக வந்தாலும் வேண்டாம். அந்த வாயுவின் அழுத்தம் வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். தில்லி ஜனவரியும் தில்லி ஜூனும் நமக்குத் தெரியாததா?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. பாயிண்ட் 22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் இல்லாமல் முடியாது. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக்கூடாது. பில்லையும் கிளப் அடையாள அட்டையையும் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள். சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும்.

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காமல் கிளப் பிஸ்டலிலேயே சுடச் சொல்லுங்கள். ஆர்வம் நிற்கிறதா என்பதும், எந்த அளவுப் பிடி பொருந்துகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு பயன்படுத்திய பிஸ்டல் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். பெரிய பிள்ளைகள் புதிது வாங்கும்போது பழையதை விற்பார்கள். அப்போது உருளையின் மேல் பொறித்த தேதியைப் படியுங்கள். பத்து வருஷம் கடந்த உருளையைப் போட்டியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விலையில் புது உருளைக்கான தொகையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். காற்றை நிரப்பி, அழுத்தமானியைக் குறித்து வைத்து, மறுநாள் காலை திரும்பப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் வாஷர் போயிருக்கிறது. அது சில்லறைச் செலவுதான். ஆனால் விற்பவரிடம் அதைச் சொல்ல வேண்டாம்.