பாலாற்றங்கரையில் சாவா மூவாக் கொடைகள்

தானங்களுள் அன்னதானம் கண்முன்னே பலன் தருவது. இலையில் சோறு விழுகிறது. பசித்தவர் முகம் மலர்கிறது. கொடுத்தவர் மனம் நிறைகிறது. வித்யாதானம் அப்படியன்று. இன்று கொடுக்கும் பொருள் ஒரு மாணவரின் பட்டமாக மாற நான்காண்டுகள் ஆகும். ஓர் ஆராய்ச்சியின் பயனாக மாற நாற்பதாண்டுகளும் ஆகலாம். கொடுத்தவர் அதைக் காணாமலே போகக்கூடும். அதனால்தானோ என்னவோ, அன்னதானத்துக்கு உபயதாரர்கள் வரிசையில் நிற்க, கல்விக் கொடைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. நம் முன்னோரோ இவ்விரண்டையும் ஒரே திருமதிலுக்குள் வைத்துப் போற்றினர். அதற்குக் கல்லே சாட்சி.

திருமுக்கூடல் காட்டும் கணக்கு

நந்தி மலையில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களைக் கடந்து, திருமுக்கூடலில் செய்யாற்றுடனும் வேகவதியுடனும் கூடுகிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து வேதமும் வியாகரணமும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலையும், 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையும் நடந்த செய்தியை அது கூறுகிறது. மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. மாணவர்களுக்குப் பாயும், சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெயும், இரவில் படிக்க விளக்கெண்ணெயும்கூட மறவாமல் ஒதுக்கப்பட்டன.

விழுப்புரம் பகுதியில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு 45 வேலி நிலம் விடப்பட்டது. இளைய மாணவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல். மேல்நிலைப் பாடம் பயில்வோருக்கு 10 நாழி. இன்றைய மொழியில் சொன்னால், ஆராய்ச்சி மாணவருக்குக் கூடுதல் உதவித்தொகை. ஆழ்ந்து படிப்பவர் சம்பாதிக்கும் காலம் தள்ளிப்போகும் என்பதை அந்தச் சபையோர் உணர்ந்திருந்தனர்.

முதல் குறையாத முறை

வங்கிப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, சோழர் கல்வெட்டுகளில் மிக வியப்பூட்டும் சொல் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதே. நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்படும். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் மூப்படையும், இறக்கும், குட்டிகளும் பிறக்கும். கணக்கில் 96 மட்டும் குறையாது. ஆகவே அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை.

இன்றைய அறக்கட்டளைகள் ‘கார்ப்பஸ் நிதி’ என்று குறிப்பிடுவது இதையே. பத்து லட்ச ரூபாயை ஒருவர் கல்லூரிக்கு மூல நிதியாக அளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால் 70,000 ரூபாய் வரும். அதில் 50,000-ஐ மாணவருக்கு அளித்து, 20,000-ஐ முதலோடு சேர்த்துவிட்டால், விலைவாசி ஏறினாலும் உதவியின் பெறுமானம் அடியோடு தேய்ந்துவிடாது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டுவிட்டால், இருபதாண்டுகளுக்குப் பின் அதே தொகையின் பெறுமானம் வெகுவாகக் குறைந்துபோகலாம். குட்டிகளை எல்லாம் விற்றுவிட்ட இடையரின் நிலைதான் அது.

திருவோட்டை மாற்றிய ஆராய்ச்சி

கொடை ஆராய்ச்சியாகிப் பயன் தந்ததற்கு வேலூரை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று நாடெங்கிலும் இருந்து நோயாளிகள் நாடிவரும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சியே. அதன் வாயில் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருக்கிறது.

1946-இன் இறுதியில் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், எவரும் தொடத் தயங்கிய தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். நோயால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. நோய் நரம்பைத் தாக்குவதால் வலியுணர்வு அற்றுப்போகிறது. சூடான பாத்திரமும் முள்ளும் தெரியாமல், ஏற்பட்ட புண் மேலும் மேலும் சிதைகிறது என்பதை அவரும் அவருடன் பணியாற்றியோரும் தெளிவாக்கினர். 1948 முதல், முன்கையின் நல்ல தசைநாரை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிக் கிடந்த கைகளை மீண்டும் இயங்கச் செய்தனர். 1955-இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. உணர்வற்ற பாதங்களைக் காக்கும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் இப்பகுதியில் செப்பம் பெற்றன.

நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கோயில் வாசலில் தொழுநோயாளர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். நாமும் ஆளுக்கொரு நாணயம் இட்டுச் செல்வோம். அந்த வரிசை குறைந்தது நாம் இட்ட நாணயங்களால் அன்று, மருந்தாலும் ஆராய்ச்சியாலும்தான். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. 1995 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை அம்மருந்து உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கப் பொருளளித்தது. நாணயம் ஒருவேளைப் பசியைத் தீர்த்தது. ஆராய்ச்சிக்கு அளித்த பொருள், கையேந்தும் நிலையையே பலருக்கு நீக்கியது.

தோல் தந்த செல்வம்

இவ்வட்டாரத்துத் தோல் வணிகர்களும் கல்விக்கு வாரி வழங்கியவர்களே. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இலும் தோன்றின. தோல் வணிகத்தில் உயர்ந்த நவாப் அப்துல் ஹக்கீமின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965-இல் ஒரு கல்லூரி எழுந்தது. அனைத்துச் சமயப் பிள்ளைகளும் இவற்றில் பயில்கின்றனர். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் சென்னையில் உருவான தொழில்நுட்பக் கல்லூரியும், 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இத்தொழிலுக்கு வல்லுநர்களைப் பயிற்றுவித்தன.

செல்வம் தந்த அதே தொழில் பாலாற்றையும் துன்புறுத்தியது. பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. குரோமியக் கழிவைக் குறைக்கும் முறைகளை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. எனினும் கெட்ட நிலத்தைச் சீராக்குவதும், உப்பைக் குறைப்பதும் இன்னும் எத்தனையோ ஆய்வாளர்களின் உழைப்பை வேண்டி நிற்கின்றன. உப்புக்கரித்த கிணற்றைப் பார்த்து வளர்ந்த ஆம்பூர்ப் பெண் ஒருத்தி அந்த ஆய்வை மேற்கொண்டால், அவளுக்கு ஆய்வுக்கூடப் பொருளும் மூன்று வேளைச் சாப்பாடும் அளிப்பது பாலாற்றுக்கே செய்யும் அபிஷேகம் அல்லவா?

கடன் எட்டாத இடம்

‘கல்விக் கடன்தான் இருக்கிறதே’ என்று சிலர் கேட்பதுண்டு. கடன் பெரும் உதவிதான்; 4 லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை. ஆனால் சேர்க்கைக் கடிதம் கையில் வந்து, கடன் அனுமதியாகும் வரை உள்ள இடைவெளி கொடியது. ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்த தாய் ஒருவர், மகளின் விடுதி முன்பணத்துக்குக் கெடு மூன்று நாட்களே என்று கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைமுன் நின்றது இன்றும் மறக்கவில்லை. அவருடைய தெருக்கோயிலின் கிருத்திகைக் குழு, விழாவில் மிஞ்சிய தொகையிலிருந்து அதைக் கட்டியது. கடன் பின்னர் வந்தது. இடம் கைவிட்டுப் போகவில்லை. மேலும், பல ஆண்டுகள் வருவாயின்றி உழைக்கும் ஆராய்ச்சி மாணவர், கடன் வாங்கினால் எதைக் கொண்டு திருப்புவார்? அங்கே கொடை ஒன்றுதான் துணை.

கொடுப்பவர் கருத்துக்கு

‘டொனேஷன்’ என்ற சொல் நம்மிடையே கெட்டுப்போயிருக்கிறது. இடத்துக்காகக் கறக்கப்படும் தொகை தானம் அன்று, விலை. அதைத் தடுக்கத் தமிழகத்தில் 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. நான் குறிப்பிடுவது கைம்மாறு கருதாத கொடையை.

கொடுக்குமுன் சிலவற்றைக் கேட்பது தவறன்று. தொகை மூல நிதியில் சேருமா, இவ்வாண்டே செலவாகுமா? மாணவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? ஆண்டுக்கணக்கு அனுப்புவார்களா? 80ஜி வரிச்சலுகை பெற விரும்புவோர், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கு அது கிடையாது என்பதையும், புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அச்சலுகை இல்லை என்பதையும் அறிதல் நலம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது பெறுங்கள். மாணவரின் பெயரை மேடையில் கூவ வேண்டாம். பெறுபவர் தலைகுனியாமல் பெறுவதே தானத்துக்கு அழகு.

பெருஞ்செல்வர்தாம் கொடுக்க வேண்டும் என்பதுமில்லை. ஒரு பஜனைக் குழுவில் பத்துக் குடும்பங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினால், ஆண்டுக்கு 1,20,000 சேரும். விளக்கை மறைக்கும் அளவுக்குக் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. எண்ணாயிரத்தில் 6 நாழி நெல் பெற்றுப் படித்த அந்த 270 இளைய மாணவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அவர்கள் கற்றது தலைமுறைகளுக்குக் கைமாறியது. வரும் சரஸ்வதி பூஜையன்று ஏட்டுக்குச் சந்தனம் இடும் கை, ஏடு வாங்க இயலாத ஒரு பிள்ளைக்காகவும் சிறிது எடுத்து வைக்கட்டும். கலைமகள் திருவருள் யாவர்க்கும் கூடுக.