மூழ்கிய பொருளும் முருகை உயிர்களும்

வெப்ப வலயக் கடல்களின் அடியில் உயிர்கள் பெரிதும் போட்டியிட்டுப் பெறும் பொருள் உறுதியான இடமாகும். முருகை, சிப்பி, கொட்டலசு, கடற்பஞ்சு முதலியன இளமையில் குடம்பிகளாய் நீரில் மிதந்து, பின்னர் ஒரு தளத்தைப் பற்றி வாழ்நாளை அங்கேயே கழிப்பன. அசையும் மணல் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு உதவாது. ஆகவே கப்பலொன்று மூழ்கினும், துறைமுகத் தூணொன்று நாட்டப்பெறினும் குடியேற்றம் விரைவில் தொடங்கிவிடுகின்றது.

இக்குடியேற்றம் ஓர் ஒழுங்குடையது. சில மணி நேரத்துள் சேதனப் பொருட்களாலாய மெல்லிய படலம் தளத்தின்மேற் படியும். அதன்மீது பற்றீரியாக்களும் நுண்ணிய அல்காக்களும் பரவும். கிழமைகள் செல்லப் பாசியும் கொட்டலசும் குழாய்ப் புழுக்களும் தோன்றும். மாதங்கள் செல்லச் சிப்பியும் கடற்பஞ்சும் இடம் பிடிக்கும். கல்முருகை பெரும்பாலும் பிந்தியே வருவது, வளர்ச்சியும் மெதுவானது. சுண்ணாம்புப் படையாய்ப் படியும் ஒருவகைச் செந்நிற அல்கா உள்ள தளத்தை அதன் குடம்பிகள் பல விரும்பித் தேர்கின்றன. முன்னே வந்தோர் பின்னே வருவோருக்கு நிலம் திருத்துகின்றனர் எனலாம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1942 சித்திரை 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிசை மூழ்கடித்தன. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கும் அக்கலம் இன்று மீன் கூட்டங்களின் உறைவிடம். ஒளி குன்றிய அவ்வாழத்திற் பாறை கட்டும் முருகைகளினும், ஒளியை வேண்டாத கருமுருகை போன்றவையே செழிப்பன.

எனினும் எப்பொருளை எறியினும் பயன் விளையும் என்று கருதுதல் தவறு. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1972 ஆம் ஆண்டிற் பழைய ரயர்கள் கட்டுக்கட்டாய்க் கடலில் இடப்பெற்றன. அவை ஏறத்தாழ இருபது இலட்சம். கட்டுக்கள் துருப்பிடித்து அறுந்தன. ரயர்கள் அலையில் உருண்டு அயலிலிருந்த இயற்கை முருகைகளைச் சிதைத்தன. அசையும் தளத்தில் உயிர் நிலைப்பதில்லை என்பது அதன் பாடம். மெல்லிய இரும்புத் தகடும் துருப்பிடித்து உதிரும்போது தன்மேல் வளர்ந்தவற்றையும் உதிர்த்துவிடும். கனமும் சொரசொரப்பும் பொந்துகளும் உடைய கொங்கிறீற்றுக் கட்டிகள் இவற்றினும் ஏற்றவை.

2021 ஆம் ஆண்டு நெடுந்தீவுக் கடலிற் பழைய பஸ் வண்டிகள் மீன் பெருக்கத்துக்கென இறக்கப்பட்டன. இத்தகைய முயற்சிகளில் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. அங்கே காணப்படும் மீன் புதிதாய்ப் பிறந்து பெருகியதா, அன்றி அயலிலிருந்து வந்து கூடியதா? வெறுமனே கூடியதாயின், சிதறிக் கிடந்த மீனை ஓரிடத்திற் திரட்டி எளிதிற் பிடித்தொழிக்கவே அக்கட்டுமானம் துணைபோகும். சில காலத்தில் வலை வெறிதாகும். ஆதலின் பிடிப்பைக் கட்டுப்படுத்தாது பொருளை மட்டும் இறக்குதல் போதாது.

இன்னுமொன்று. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமேறியபோது இந்து சமுத்திரத்து முருகைகள் பெருவாரியாக வெளிறி மடிந்தன. செயற்கைத் தளம் உயிருக்கு இடம் தரும். நீரின் வெப்பத்தைத் தணிக்காது. குடியேறும் குடம்பிகளும் வாழும் முருகைப் பாறைகளிலிருந்தே வரவேண்டும். தாய்ப் பாறை அழியுமாயின், நாம் இறக்கிய கட்டிடம் குடியற்ற வீடாகவே நிற்கும். எனவே புதியதை அமைத்தலினும் உள்ளதைக் காத்தலே நமது முதற் கடனாகும்.