பிரெடாவின் சரணடைவு: குறியீடும் அதிகாரமும்

மாணவர்களே, பரோக் காலப் போர் ஓவியங்கள் அரசனின் அதிகாரத்தைக் குறியீடுகளால் உணர்த்தின. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1635ஆம் ஆண்டளவில் வரைந்த "பிரெடாவின் சரணடைவு" இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1625இல் ஒல்லாந்தரின் பிரெடா நகரம் ஸ்பானியத் தளபதி ஸ்பினோலாவிடம் சரணடைந்தமையே இதன் கருப்பொருள்.

அவதானிக்க வேண்டியவை:

1. திறப்பு – ஓவியத்தின் மத்தியில் நகரத்தின் திறப்பு கையளிக்கப்படுகின்றது. இது ஆட்சி கைமாறுவதைக் குறிக்கும்.

2. ஈட்டிகள் – வலப்புறம் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் ஸ்பானிய ஈட்டிகள் படைபலத்தையும் ஒழுங்கையும் காட்டுகின்றன. இடப்புறம் ஒல்லாந்தரின் ஆயுதங்கள் சிலவே.

3. தோளில் வைத்த கை – குதிரையிலிருந்து இறங்கி நிற்கும் ஸ்பினோலா, குனிந்து திறப்பைக் கொடுக்கும் ஒல்லாந்தத் தளபதியின் தோளில் கை வைக்கின்றார். இது பெருந்தன்மை. ஆயினும் பெருந்தன்மை காட்டும் வாய்ப்பு வென்றவருக்கே உண்டு என்பதை மறவாதீர்கள்.

இவ்வோவியம் நான்காம் பிலிப் மன்னனின் மாளிகை மண்டபத்துக்காக, ஏனைய வெற்றிக் காட்சிகளுடன் வரையப்பட்டது. 1637இல் ஒல்லாந்தர் பிரெடாவை மீட்டனர். மண்டபத்து ஓவியத்திலோ ஸ்பெயினின் வெற்றி மாறவில்லை. இன்று இது மட்ரிட் பிராடோ நூதனசாலையில் உள்ளது.

விடை எழுதும்போது ஓவியத்தில் தெரிவதை விவரிப்பதுடன் நிறுத்தாதீர்கள். அது யாருக்காக வரையப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள்.