கட்சியில்லாத சாவுக்கு யார் பாடுவது?

போலீஸுக்குப் பலியானவர்களைப் பாட்டில் ஏற்றுவது கேரளத்துக்குப் புதிதல்ல. ஆனால், செத்தவர் எந்தக் கொடியும் பிடிக்காதவராக இருந்தால் திருவனந்தபுரத்தின் மேடைகள் தயங்குகின்றன.

திருவனந்தபுரம் பாளையத்தில் தேவாலயம், மசூதி, பிள்ளையார் கோயில் மூன்றும் அக்கம்பக்கமாக நிற்கும் சந்திப்பில் ஒரு தூண் இருக்கிறது. தியாகிகள் நினைவுத் தூண். முதல் சுதந்திரப் போரின் நூற்றாண்டையொட்டி 1957 ஆகஸ்ட் 14 அன்று ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அதைத் திறந்து வைத்தார். அந்த விழாவுக்கென்று வயலார் ராமவர்மா எழுதி, ஜி. தேவராஜன் இசையமைத்த பாட்டுதான் 'பலிகுடீரங்களே'. அரசு விழாவுக்காகப் பிறந்த பாட்டு கே.பி.ஏ.சி. நாடக மேடைக்குப் போய், அங்கிருந்து கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்குப் போய், ஏறத்தாழ கட்சியின் கீதமாகவே ஆகிவிட்டது.

நினைவு கொள்ளப்பட்டது 1857 என்றாலும், அன்று பாட்டைக் கேட்டவர்கள் நினைவில் வேறொரு ஆண்டும் இருந்திருக்கும். கவிஞரின் ஊர் வயலார். 1946 அக்டோபரில், திருவாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் போலீஸும் ராணுவமும் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளின. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்குகள் ஒத்துப்போவதில்லை. பி. பாஸ்கரன் அதைப் பற்றி எழுதிய கவிதைக்கு சமஸ்தானத்தில் தடை விழுந்தது. தடை செய்யப்பட்ட கவிதை மனப்பாடம் ஆவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

சர் சி.பி.யின் கதை முடிந்ததும் ஒரு கச்சேரியில்தான் என்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1947 ஜூலையில் திருவனந்தபுரம் பேட்டையில் பொதுக்கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அதே மாதம் 25-ஆம் தேதி ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமியில் செம்மங்குடி சீனிவாச ஐயரின் கச்சேரி. கேட்டுவிட்டு எழுந்த திவானை கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் வெட்டினார். முகத்தில் காயத்தோடு தப்பிய திவான் சில வாரங்களில் ஊரைவிட்டே போனார். கச்சேரி மேடையிலிருந்து யாரும் எதுவும் பேசவில்லை. பேசும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வெட்டியவனின் செயலை மெச்ச வேண்டியதில்லை. ஆனால் பேட்டையில் விழுந்த பிணங்களைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருவராவது வாய் திறந்திருக்கலாமோ என்ற கேள்வி மட்டும் பின்னாளைய கச்சேரிகளுக்கும் சேர்த்து அங்கேயே தங்கிவிட்டது.

பாளையத்துத் தூண் திறக்கப்பட்ட மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. வயலாரின் தியாகிகளைப் பாடி ஆட்சிக்கு வந்த கட்சியின் போலீஸ், 1958 ஜூலையில் கொல்லத்துக்கு அருகே சந்தனத்தோப்பில் இரண்டு தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டு 'விமோசன சமரம்'. அங்கமாலியில் ஏழு பேர். ஜூலை 3 அன்று திருவனந்தபுரத்தின் கடலோரம் செறியதுறையில் ஃப்ளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண். இப்போது எதிர்த்தரப்புக்குப் பாட்டு கிடைத்தது. ஃப்ளோரியின் பெயரை வைத்துக் கட்டிய கோஷப் பாட்டு, செறியதுறையை வரைபடத்தில்கூடப் பார்த்திராத வடகேரளப் பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் ஓடியது. அதே மாதம் 31-ஆம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்டது. ஒரு பாட்டால் அரசு கவிழவில்லைதான். ஆனால் அந்த ஜூலையை நினைவு வைத்திருந்த மலையாளிகள், தேதியை மறந்தாலும் அந்தப் பாட்டின் வரிகளை மறக்கவில்லை.

அப்புறம் மறுபடியும் பந்து இந்தப் பக்கம். 1994 நவம்பர் 25 அன்று கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் போலீஸ் சுட்டதில் ஐந்து டி.ஒய்.எஃப்.ஐ. தோழர்கள் இறந்தார்கள். குண்டடிபட்ட புஷ்பன் கழுத்துக்குக் கீழே அசைவின்றி முப்பது ஆண்டு படுக்கையில் கிடந்து 2024 செப்டம்பரில் இறந்தார். அவரைத் தெரியுமா என்று கேட்கும் பாட்டு இல்லாமல் அந்த அமைப்பின் மாநாடு நடந்ததில்லை. துப்பாக்கிச் சூடு நடந்தபோது தலச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்தவரை, அதே கட்சி நடத்திய அரசு 2025-ல் மாநில போலீஸ் தலைவராக நியமித்தது. அவர் மீதான வழக்கை ஹைகோர்ட் 2012-லேயே ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டப்படி தவறில்லை. பாட்டைத்தான் ரத்து செய்ய முடியவில்லை.

ஆக, கணக்கு எளிது. செத்தவருக்குக் கட்சி இருந்தால் பாட்டு உண்டு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அது உரக்க ஒலிக்கும். ஆட்சிக்கு வந்ததும் சுருதி கொஞ்சம் இறங்கும். நிலம்பூரில் 2016-லும், அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் 2019-லும் கமாண்டோக்கள் சுட்டுக் கொன்ற மாவோயிஸ்டுகளுக்கோ - அவர்களில் தமிழர்களும் உண்டு - பாட்டெழுதக் கட்சி இருந்தது. ஆனால் அது தடை செய்யப்பட்ட கட்சி.

கட்சிக் கணக்குக்குள் சரியாக அடங்காதவர் ராஜன். கோழிக்கோடு ரீஜனல் எஞ்சினீயரிங் கல்லூரி மாணவர். நன்றாகப் பாடுவார். பல்கலைக்கழகக் கலைவிழாவுக்குப் போய்விட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பியவரை, 1976 மார்ச் 1 அதிகாலையில் நக்சலைட் என்று சந்தேகித்து போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. உடல் கிடைக்கவே இல்லை. பேராசிரியரான தந்தை ஈச்சரவாரியர் மகனைத் தேடித் திருவனந்தபுரத்தில் முதல்வர் சி. அச்சுத மேனன், உள்துறை அமைச்சர் கே. கருணாகரன் என்று படியேறி இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்த 1977-ல் அவர் போட்ட ஆட்கொணர்வு மனுதான் ஒரு மாதமே முதல்வராக இருந்த கருணாகரனைப் பதவியிலிருந்து இறக்கியது. பாடகனான ராஜனைப் பாட்டைவிட அதிகம் நினைவில் வைத்தது ஒரு சினிமா: ஷாஜி என். கருணின் 'பிறவி'. மகனைத் தேடித் தலைநகருக்குப் போகும் கிழவரின் கதை.

திருவனந்தபுரத்துக்கே உரிய வழக்கு உதயகுமாருடையது. பழைய இரும்புக் கடையில் கூலி வேலை. 2005 செப்டம்பர் 27 அன்று ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் நண்பருடன் உட்கார்ந்திருந்தவரை ஃபோர்ட் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். பையில் நாலாயிரம் ரூபாய் சொச்சம் இருந்தது. கூலிக்காரனிடம் இவ்வளவு பணமா என்பது சந்தேகம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் அடி என்றது வழக்கு. பெஞ்சில் கிடத்தி, தொடைகளின் மீது இரும்புக் குழாயை அழுத்தி உருட்டினார்களாம். கேரள போலீஸ் பாஷையில் இதற்கு 'உருட்டல்' என்றே பெயர். ராஜன் வழக்கிலும் இதே சொல் வரும். அன்றிரவே உதயகுமார் இறந்தார். தாய் பிரபாவதி அம்மாவுக்கு அவர் ஒரே மகன்.

அந்தக் காவல் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபம். உதயகுமார் இறந்த மறுவாரம் அங்கே ஒன்பது நாள் கச்சேரி தொடங்கியது. இன்ன நாளில் இன்ன ஸ்வாதித் திருநாள் கீர்த்தனை என்று வரையறுத்த மண்டபம் அது, கைதட்டக்கூட அனுமதியில்லை. அங்கே லாக்-அப் சாவைப் பற்றிப் பேசவில்லையே என்று குறை சொல்வது அபத்தம். ஆனால் நகரத்தின் மற்ற மேடைகளும், விசில் பறக்கும் கானமேளாக்களும், கட்சிகளின் கலைக்குழுக்களும் உதயகுமாரைத் தங்கள் பாட்டில் ஏற்றிக்கொள்ளவில்லை. புஷ்பனைப் போல், ஃப்ளோரியைப் போல், ஊரெல்லாம் தெரிந்த பாட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. பிரபாவதி அம்மா கோர்ட்டுகளில்தான் போராடினார். அவர் கதையைக் கலையாக்க ஆள் வந்தது பதினான்கு வருடம் கழித்து, அதுவும் மராத்தியில்: அனந்த் மகாதேவன் இயக்கிய 'மாய் காட்'.

மௌனம் கொஞ்சம் உடைந்தது தலைமைச் செயலக வாசலில். நெய்யாற்றின்கரைப் பக்கத்து இளைஞர் ஸ்ரீஜீவ் 2014 மே மாதம் பாறசாலை போலீஸ் காவலில் இருந்தபோது இறந்தார். உள்ளாடையில் மறைத்து வைத்திருந்த விஷத்தைக் குடித்தார் என்றது போலீஸ். நீதிபதி கே. நாராயண குருப் தலைமையிலான போலீஸ் புகார் ஆணையம் 2016-ல் அதை ஏற்க மறுத்து, காவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அண்ணன் ஸ்ரீஜித் சி.பி.ஐ. விசாரணை கேட்டு செயலகத்தின் முன் நடைபாதையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழவில்லை. மழை, வெயில், கொசு. உடம்பு வற்றிக்கொண்டே போனது. தினமும் சட்டசபைக்கும் செயலகத்துக்கும் போகும் கார்கள் அவரைக் கடந்து போயின.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் யாரோ படத்தைப் போட, சட்டென்று தீப்பிடித்தது. ஜனவரி 14 அன்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செயலகத்தின் முன் திரண்டார்கள். கையில் கட்சிக் கொடி இல்லை. ஆதரவு சொல்ல வந்த அரசியல்வாதிகளுக்கு வரவேற்பும் அவ்வளவாக இல்லை. திரைப்பட இசையமைப்பாளர் கோபி சுந்தர் ஸ்ரீஜித்துக்காகவே ஒரு பாடலைச் செய்து வெளியிட்டார். முதலில் வழக்கை எடுக்க மறுத்திருந்த சி.பி.ஐ. அந்த மாதமே எடுத்துக்கொண்டது. ஜனவரி கடைசியில் ஸ்ரீஜித் எழுந்தார். பாட்டு வந்தது போராட்டத்தின் எழுநூறு நாட்களுக்குப் பிறகுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும், எந்தக் கட்சியும் தன் தியாகி என்று உரிமை கொண்டாடாத ஒரு சாவுக்கு வெகுஜன சினிமா இசைக்காரர் ஒருவர் மெட்டுப் போட்டது கேரளத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அதற்கு முந்தைய ஆண்டு, திருச்சூர் மாவட்டத்தில் பாவறட்டி போலீஸ் பிடித்து விட்டுவிட்ட பத்தொன்பது வயது தலித் இளைஞர் விநாயகன் மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். அவர் வளர்த்திருந்த நீளமான முடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள் என்பது புகார். இசைக்குழுக்களில் முடி வளர்த்த பையன்கள்தான் பாதிப் பேர். இந்தச் செய்தியை அவர்கள் தூரத்து விஷயமாகப் படித்திருக்க முடியாது.

தயக்கத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் பாடகனுக்குப் பிழைப்பு கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கல்லூரி விழா. அழைப்பது கமிட்டி. கமிட்டியில் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள். மைக் அனுமதி தர வேண்டியது போலீஸ். இரவு பத்து மணி தாண்டினால் மைக்கை நிறுத்தச் சொல்லி வருவதும் போலீஸ். கூட்டம் முண்டியடித்தால் கயிறு கட்டி நிற்பதும் அவர்களே. அவர்களை நிற்க வைத்துக்கொண்டே லாக்-அப் சாவைப் பாடுவதற்குக் குரல் மட்டும் போதாது.

தமிழ்நாட்டிலும் இதே பாடுதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் வியாபாரிகள் ஜெயராஜ், பென்னிக்ஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, பின்னணிப் பாடகி சுசித்ரா என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட வீடியோதான் சேதியை வட இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டு போனது. மிகைப்படுத்தல் என்று சி.பி.சி.ஐ.டி. அறிக்கை விட்டது. சுசித்ரா வீடியோவை எடுத்துவிட்டார். ஆந்திரத்தின் கத்தர் விஷயம் வேறு. 'என்கவுன்ட்டர்' பிணங்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கக் கோரிப் போராடி, அவற்றைப் பற்றியே ஊர் ஊராகப் பாடிய அவர்மீது 1997 ஏப்ரலில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு 2023-ல் இறக்கும்வரை உடம்பிலேயே இருந்தது. ஆனால் கத்தர் பாடியதும் இயக்கத்தின் பிணங்களைத்தான்.

கட்சியில்லாத சாவைக் கச்சேரியில் பாடியதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் நியூயார்க்கில், கினி நாட்டிலிருந்து வந்த அமடூ டியாலோ என்ற 23 வயது இளைஞரை அவர் வீட்டு வாசலிலேயே நான்கு போலீஸார் சுட்டார்கள். கையில் ஆயுதமில்லை. 41 குண்டுகள், 19 பாய்ந்தன. அடுத்த ஆண்டு நால்வரும் விடுதலை. தீர்ப்பு வந்து சில மாதங்களில், 2000 ஜூனில், ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் '41 ஷாட்ஸ்' பாட்டை அட்லாண்டாவில் பாடினார். பிறகு நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், பத்து நாள் கச்சேரியில், அந்த ஊர் போலீஸ் சங்கம் புறக்கணிக்கச் சொல்லியும் பாடினார். கவனிக்க வேண்டியது பாட்டின் கட்டுமானம். யாரையும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. குண்டுகளை எண்ணுகிறது. சுட்ட போலீஸ்காரன் அடிபட்டவனருகே மண்டியிடும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. நீதிமன்றம் விடுவித்தவர்களைப் பாட்டு மறுபடி கூண்டில் ஏற்றலாமா என்ற நியாயமான கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது: செத்தவன் செத்தது உண்மை; அதைப் பாடுவதற்குத் தீர்ப்பு தேவையில்லை.

இந்தக் கேள்வி இப்போது திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உதயகுமார் வழக்கில் 2018 ஜூலையில் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு போலீஸாருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று, சி.பி.ஐ. விசாரணையில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லி, ஹைகோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. சட்டத்தின் கணக்கில் உதயகுமாரை யாரும் கொல்லவில்லை என்றாகிவிட்டது.

சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, அவர் இறந்து இருபது ஆண்டு நிறைந்தது. அந்த வருடம் நவராத்திரி முன்னதாகவே வந்திருந்தது. கோட்டைக்குள் மண்டபத்தில் விழா நாட்கள் நடந்துகொண்டிருந்தன. அன்றைய கீர்த்தனை என்ன என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானமானது. கைதட்டல் வழக்கம்போல் கிடையாது.